காருக்கு ஏற்ற பாலிஷரைத் தேர்ந்தெடுக்கும் முறை

காரின் பெயின்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெஷினான பாலிஷரை வாங்க முனைபவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது, மோட்டார் எத்தனை வாட், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பவற்றைத்தான். அவற்றுக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது காரின் பெயின்ட். காரை நன்றாகக் கழுவி உலர்த்தி, நிழலான இடத்தில் நிறுத்தி, ஒரு எல்.இ.டி. டார்ச்சைப் பானட்டுக்கு மேலே சற்றுத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கீறல்கள் தெரிந்தால், அவை அழுக்குத் துணியாலும் மணல் ஒட்டிய ஸ்பாஞ்சாலும் துடைத்ததால் விழுந்தவை. மிதமான ஆற்றலுடைய எந்த நல்ல பாலிஷரும் அவற்றைப் போக்கிவிடும். விரல் நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டும்போது நகம் தடுக்குகிற கீறல் வேறு வகை. அதை முழுவதுமாக நீக்கும் அளவுக்குத் தேய்ப்பது பெரும்பாலும் ஆபத்தில் முடியும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மிகுந்த ஆற்றலுடைய மெஷினைத் தேடுவது தவறான தொடக்கம்.

இதற்குக் காரணம் பெயின்டின் தடிமன். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் எனப் பல அடுக்குகள் இருந்தாலும், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் அத்தனை அடுக்குகளையும் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் சாதாரண வெள்ளைத்தாளின் தடிமன் சுமார் 100 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், நாம் வேலை செய்யப்போகும் அடுக்கு தாளில் பாதியோ அதற்கும் குறைவோதான் என்பது விளங்கும். பாலிஷ் போடுவது கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைச் சீவி இறக்குகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இதே கிளியர் கோட்தான் என்பதால், சீவிய பகுதி திரும்ப வராது, காப்பும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே பாலிஷரைத் தேர்ந்தெடுப்பது என்பது, அந்தக் கையிருப்பை எவ்வளவு வேகத்தில், எவ்வளவு கட்டுப்பாட்டோடு செலவழிக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிப்பதுதான்.

பேட் சுழலும் விதம்

ரோட்டரி எனப்படும் மெஷினில் பேட், அதாவது பெயின்டைத் தேய்க்கும் வட்டமான மெத்தை, ஒரே அச்சில், கிரைண்டரின் சக்கரம்போல, சுழல்கிறது. பெரும்பாலான ரோட்டரிகளின் வேகம் நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்றுகள் வரை அமையும். மோட்டாரின் ஆற்றல் முழுவதும் ஒரே திசையில் இறங்குவதால், உப்புத்தாள் தேய்த்த தடங்களைக்கூட அது விரைவாக அழித்துவிடும். அதே காரணத்தால் ஒரே இடத்தில் சில நொடிகள் தங்கினாலும் சூடு ஏறிவிடும். கதவின் விளிம்பு, பானட்டின் மடிப்புக்கோடு போன்ற இடங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருப்பதோடு பேட்டின் அழுத்தமும் அங்கேயே குவிவதால், ரோட்டரியால் நேரும் விபத்துகள் பெரும்பாலும் அந்த விளிம்புகளில்தான் நடக்கின்றன. பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. இரும்புத் தகடுபோல் சூட்டைப் பரவவிடாது என்பதால் அங்கேயும் கவனம் வேண்டும்.

ரோட்டரிக்கு இன்னொரு குறையும் உண்டு. கறுப்பு நிறக் கார் ஒன்றை நான் முதன்முதலில் ரோட்டரியால் முடித்தபோது, கூரைக்குக் கீழே அது கண்ணாடிபோல் இருந்தது. மறுநாள் காலை வெயிலில் வெளியே எடுத்தபோது பேட் போய்வந்த வழியெல்லாம் வால்போன்ற ஒளிக்கோடுகள் தெரிந்தன. நான் இடம் மாற மாற அவையும் பானட் மேல் நகர்ந்தன. ஹோலோகிராம் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். பேட் ஒரே திசையில் விட்டுச்சென்ற மிக நுண்ணிய தடங்கள் அவை. அந்தக் காரை டூயல் ஆக்ஷன் மெஷினால் மீண்டும் ஒருமுறை முழுவதும் முடிக்க வேண்டியிருந்தது.

டூயல் ஆக்ஷன் மெஷினில் பேட் தன்னைத்தானே சுற்றுவதோடு, மையத்திலிருந்து விலகிய ஓர் அச்சில் சிறு வட்டங்களாகவும் ஆடுகிறது. தடங்கள் ஒரே கோட்டில் விழாமல் கலைந்துபோவதால் ஹோலோகிராம் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. சூடும் மெதுவாகவே ஏறும். இதிலும் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்றில் பேட் பேரிங் மேல் தளர்வாக நிற்கிறது. ஆட்டத்தின் வேகத்தால்தான் சுழல்கிறதே தவிர மோட்டார் அதை நேரடியாகச் சுற்றுவதில்லை. நீங்கள் அளவுக்கு மீறி அழுத்தினாலோ, பேட்டின் ஓரம் மட்டும் பரப்பில் பட்டாலோ சுழற்சி நின்று வெறும் ஆட்டம் மட்டும் மிஞ்சும். பழகாத கைக்கு இது ஒரு பாதுகாப்பு. மற்றொன்றில் சுழற்சியும் கியர் மூலம் கட்டாயமாக இயக்கப்படுகிறது. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்.சி. 3401 இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம்; 8 மில்லிமீட்டர் வீச்சோடு நிமிடத்துக்கு 160 முதல் 480 சுற்றுகள் வரை பேட்டை நிற்காமல் சுழற்றும். வளைவுகளில் இந்தப் பிரிவு தயங்காது; ஆனால் பரப்பின் மேல் பக்கவாட்டில் இழுக்கும், அதிர்வும் பொதுவாகக் கூடுதல், கை சற்று உறுதியாக இருக்க வேண்டும்.

வீச்சும் தட்டின் அளவும்

வீச்சு என்பது பேட்டின் மையம் வரையும் அந்தச் சிறு வட்டத்தின் விட்டம். கடையில் 8, 12, 15, 21 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பது இதுதான். இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் 15, 21 மில்லிமீட்டர் வீச்சுகளைப் பரவலாக்கிய பிறகு, வீச்சு கூடினால் மெஷின் உயர்ந்தது என்ற எண்ணமும் பரவிவிட்டது. நான் அதை ஏற்பதில்லை. நீண்ட வீச்சு சமமான பரப்பில் மிக அழகாக வேலை செய்யும்: பானட், கூரை, பெரிய கதவு ஆகியவற்றில் ஒவ்வொரு ஆட்டத்திலும் பேட் கூடுதல் தூரம் போவதால் வேலை வேகமாக நடக்கும், கைக்கும் வழவழப்பாக இருக்கும். அதே மெஷினைச் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலோ, உட்குழிந்த கதவுப் பகுதியிலோ வைத்தால், பேட் சமமாகப் படியாமல் சுழற்சி நின்றுபோகும். ஆகவே உங்கள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, ஒரு சாப்பாட்டுத் தட்டைப் படுக்கையாக வைக்கக்கூடிய இடங்கள் எத்தனை, வைக்க முடியாத இடங்கள் எத்தனை என்று பாருங்கள். வளைவுகள் மிகுந்த சிறிய காருக்கு 8 அல்லது 12 மில்லிமீட்டர் போதும். 15 மில்லிமீட்டர் பெரும்பாலான கார்களுக்கு நடுநிலையானது. 21 மில்லிமீட்டர் பெரிய எஸ்.யு.வி., வேன் ஆகியவற்றை அடிக்கடி கையாள்பவருக்கானது.

பேட் சுழல்கிறதா, வெறுமனே ஆடுகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். பேட் ஒட்டும் தட்டின், அதாவது பேக்கிங் பிளேட்டின், விளிம்பில் கறுப்பு மார்க்கரால் ஒரு தடித்த கோடு போட்டுவிடுங்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு வட்டமாக ஓடிக்கொண்டிருந்தால் சுழற்சி இருக்கிறது. ஓரிடத்திலேயே நடுங்கினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மெஷினைச் சமப்படுத்த வேண்டும். இந்த ஒரு கோடு கற்றுக்கொடுப்பதை எந்த விளக்கமும் கற்றுக்கொடுக்காது.

தட்டின் அளவு பொதுவாக 75, 125, 150 மில்லிமீட்டர் என்று வரும். முதல் மெஷினுக்கு 125 மில்லிமீட்டர் தட்டே என் பரிந்துரை. தட்டின் கடினமான விளிம்பு பெயின்டைத் தொடாதிருக்க, பேட் அதைவிடச் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். டூயல் ஆக்ஷன் மெஷினின் உள்ளே ஒரு எதிர் எடை உண்டு. குறிப்பிட்ட தட்டு, பேட் ஆகியவற்றின் எடைக்கு ஏற்ப அதைச் சமன் செய்திருப்பார்கள். 150 மில்லிமீட்டருக்கான மெஷினில் 75 மில்லிமீட்டர் தட்டை மாட்டினால் அந்தச் சமநிலை குலைந்து அதிர்வு கூடும். ஆகவே ஜன்னல் கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூண், பம்பரின் இடுக்கு, மிரர் முதலியவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய பாலிஷர் வாங்குவதே முறை. வீட்டு உபயோகத்துக்கு அது பிறகு வரலாம். தொழிலாகச் செய்பவருக்கு அது இரண்டாவது மெஷினாக அல்ல, முதல் மெஷினோடு சேர்த்தே வர வேண்டும்.

மோட்டார், மின்சாரம், கை

வாட் எண்ணிக்கையை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பார்க்க வேண்டியது, அழுத்தம் ஏறும்போதும் வேகம் குறையாமல் பிடித்துவைக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையும், ஸ்விட்சைப் போட்டவுடன் எகிறாமல் மெதுவாக வேகம் எடுக்கிறதா என்பதையும்தான். இரண்டாவது அம்சம் இல்லாத மெஷின் காம்பவுண்டை, அதாவது பேடில் தடவும் சீவும் பசையை, கதவெல்லாம் தெறிக்கவிடும்.

பேட்டரி மெஷினின் வசதி உண்மையானது. வயர் பெயின்டில் உரசும் கவலை இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் 90 வாட் மணி ஆற்றல் இருக்கும். மெஷின் தொடர்ந்து 300 வாட் இழுத்தால் அது 18 நிமிடங்களில் தீர்ந்துவிடும். முழுக் காரையும் திருத்துவதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், முதல் மெஷின் வயர் உள்ளதாக இருப்பதே நல்லது. சிறிய பாலிஷரைப் பேட்டரியில் வாங்கலாம்.

நாள் முழுவதும் மெஷினைப் பிடிப்பவர் கையேட்டில் அதிர்வு அளவைத் தேடிப் படிக்க வேண்டும். இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிமுறை, எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டர் என்ற அளவைத் தொட்டால் தடுப்பு நடவடிக்கை தேவை என்றும், 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் வகுத்திருக்கிறது. அதிர்வு இரட்டிப்பானால் அனுமதிக்கும் நேரம் நான்கில் ஒன்றாகிவிடும். அதாவது, 5 என்று குறித்த மெஷின் அந்த முதல் அளவை இரண்டு மணி நேரத்திலேயே எட்டும். 10 என்று குறித்ததோ அரை மணி நேரத்தில். விரல் மரத்துப்போவதை வேலைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிட்ட பலர், நரம்பும் இரத்த ஓட்டமும் பாதிக்கப்பட்ட பிறகே அதை உணர்கிறார்கள். கடையில் மெஷினை எடையைப் பார்ப்பதற்காகத் தூக்கினால் போதாது. கதவுக்குப் பிடிப்பதுபோல இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்க்க வேண்டும்.

பணம் முழுவதையும் மெஷினிலேயே போட்டுவிடாதீர்கள். எவ்வளவு சீவும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை பேடும் காம்பவுண்டும்தான். கம்பளி பேடும் மைக்ரோஃபைபர் பேடும் வேகமாகச் சீவும், நுரை பேட் மென்மையாக முடிக்கும். ஒரு காருக்கு ஒரே பேடைக் கொண்டு வேலையை முடிக்க முடியாது. அது ஈரமேறி, சூடாகி, கழிவால் அடைபட்டுவிடும். ஐந்தாறு பேடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால்தான் கடைசிக் கதவும் முதல் கதவுபோல் வரும். தொழில் செய்பவருக்கு இதோடு பெயின்ட் தடிமன் மானியும் கட்டாயம். அடுத்தவரின் காரில் முன்பு எத்தனை முறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

வாங்கவே கூடாதவையும் உண்டு. ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் அளவில் ஓடக்கூடியது. அதில் பேட் மாட்டினால் பெயின்ட் நொடியில் கருகும். டிரில்லில் மாட்டும் பேடில் பிடிமானமும் சமநிலையும் கிடையாது. துணி உறை மாட்டிய மலிவான வாக்ஸ் மெஷின்கள் வாக்ஸைப் பரப்பத்தான் உதவும், கீறலை எடுக்காது.

என் தீர்ப்பைக் கேட்டால், சொந்தக் காரை ஆண்டுக்கு ஓரிரு முறை கவனிப்பவருக்குத் தளர்வாகச் சுழலும் 12 அல்லது 15 மில்லிமீட்டர் டூயல் ஆக்ஷன், 125 மில்லிமீட்டர் தட்டு, வயர் உள்ளது, இவை போதும். தொழிலில் இறங்குபவர் அதையே அடிப்படையாகக் கொண்டு, சிறிய பாலிஷரையும், பிறகு வளைவுகளுக்காகக் கட்டாயச் சுழற்சி மெஷினையும் சேர்க்கலாம். ரோட்டரியை மறுபெயின்ட் அடித்த தகடுகளோடு வேலை செய்யத் தொடங்கும்போது வாங்கலாம். அதற்கு முன் உதிரித் தகட்டில் பழக வேண்டும். எதை வாங்கினாலும் தட்டும், மோட்டாருக்குள் உரசியபடி மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷும் உதிரியாகக் கிடைக்கின்றனவா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் தேய்பவை அவைதான்.

மெஷின் வீட்டுக்கு வந்ததும் முழுக் காரிலும் இறங்கிவிடாமல், பானட்டில் 40 சென்டிமீட்டர் சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். மென்மையான நுரை பேடில் பட்டாணி அளவில் நான்கு துளி பாலிஷை வைத்து, குறைந்த வேகத்தில் பரப்பிய பிறகு வேகத்தைக் கூட்டி, கிடைவாட்டிலும் நெடுவாட்டிலுமாக மெதுவாக நாலைந்து முறை ஓட்டுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்தால் எண்ணெய்ப்பசை போய் உண்மையான பரப்பு தெரியும். டேப்பை உரித்து, அதே டார்ச்சை டேப் இருந்த கோட்டின் மேல் பிடியுங்கள். கீறல்கள் போதிய அளவு மறைந்திருந்தால் அதே பேடும் அதே பாலிஷும் முழுக் காருக்கும் போதும். மறையாவிட்டால் முதலில் பாலிஷையும், அடுத்துப் பேடையும் ஒரு படி கடினமாக்கி, அதே சதுரத்தில் மறுபடி பாருங்கள்.