உப்பா, சூடா: கடல்நீரின் அடர்த்தியை வீட்டிலேயே சோதிக்கும் முறை

கடல்நீர் குளிர்ந்தால் அடர்த்தி கூடும். உப்பு மிகுந்தாலும் கூடும். உப்பும் மிகுந்து சூடும் ஏறியிருந்தால் எது மிஞ்சும் என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

965 கிராம் நீரில் 35 கிராம் தூள் உப்பைக் கரைத்துக்கொள்ளவும். பெருங்கடல்களின் சராசரி உவர்ப்பு ஏறத்தாழ இதுதான். கல்லுப்பு கரைசலைக் கலங்கலாக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. சில துளி நீல மை சேர்த்து, பாத்திரத்தை மூடி, சுமார் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக்கவும். முதன்முறை நான் மூடாமல் கொதிக்கவிட்டதில் நீர் வற்றி, உப்பின் அளவு கைமீறிப் போயிற்று. ஃபிரிட்ஜில் வைத்த குடிநீரை உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அசைவு அடங்கியதும், ஊசி நீக்கிய சிரிஞ்சில் சூடான கரைசலை எடுத்து, அதன் முனையை நடு ஆழத்தில் வைத்து மிக மெதுவாக அழுத்தவும்.

வெந்நீராயிற்றே, மேலே வரும் என்று எதிர்பார்ப்போம். நீலமோ நூலாக இறங்கி அடியில் படியும். குளிர்ந்த குடிநீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோகிராம். 60 பாகையில் உப்பில்லாத நீர் 983 ஆகக் குறைந்தாலும், கரைந்த உப்பு அதை 1000-க்கு மேல் ஏற்றிவிடுகிறது.

கடலில் இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். 35 கிராம் உவர்ப்புள்ள நீர் 30 பாகையிலிருந்து 20-க்குக் குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 3 கிலோ கூடுகிறது. 10-இலிருந்து 0-க்குக் குளிர்ந்தால் ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம்தான். ஆகவே துருவக் கடல்களில் உப்பின் கை ஓங்கியிருக்கிறது. வெப்பமான வங்கக் கடலின் வடபகுதியிலும் அப்படித்தான், ஆனால் காரணம் வேறு: கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய போர்வையாக மிதந்து, கீழுள்ள நீர் மேலே கலப்பதைத் தடுக்கிறது.

இனி லிட்டருக்கு 10 கிராம் உப்பு மட்டும் கரைத்து, அதே சூட்டில், இம்முறை டம்ளரின் உட்சுவரை ஒட்டி நீர்மட்டத்தில் விடவும். நீலம் மிதக்கும். டம்ளரை அசைக்காமல் காத்திருங்கள். சூடு உப்பைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாகக் கீழ்நீருக்குப் பரவுவதால், குளிர்ந்துபோன உப்புநீர் கனத்து, நீல அடுக்கின் அடியிலிருந்து விரல் விரலாக இறங்கத் தொடங்கும்.