கட்டுரை கைக்கு வந்த வழி

தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கில இதழின் பழைய கட்டுரை ஒன்று தேவைப்பட்டது. தில்லியில் கல்லூரி நூலகம் வழியாக, நூலகங்கள் தங்களுக்குள் நூல்களையும் கட்டுரை நகல்களையும் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பான டெல்நெட்டில் கேட்கலாம். உறுப்பு நூலகம்தான் கேட்க வேண்டும், தனிநபர் கேட்க முடியாது. என் படிவம் நூலகர் மேசையைத் தாண்டவில்லை. “தலைப்பை வைத்து யார் தேடுவார்கள் தம்பி? தொகுதி, இதழ், பக்கம் எழுதுங்கள்” என்றார் அந்த மதுரைக்கார அம்மா.

இந்தக் கட்டுரையை நான் அறிந்த நூலின் அடிக்குறிப்பில் ஆண்டு மட்டுமே இருந்தது. (பக்க எண்ணில் கஞ்சத்தனம் காட்டும் ஆய்வாளர்களை என்ன சொல்ல!) அதே கட்டுரையை மேற்கோள் காட்டிய வேறு நூல்களைப் புரட்டினேன். ஒன்றில் முழு விவரமும் கிடைத்தது. அதன்பின் வேலை சுலபம்.

வந்த நகலில் ஒரு பக்கத்தின் ஓரவரி வெட்டுப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி கேட்டோம், அனுப்பினார்கள்.