வண்டி ரேடியோவில் சரியாகக் கேட்கவில்லையா? செட்டைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

வண்டியில் பொருத்திய இருவழி ரேடியோவில் குரல் தேய்ந்து வந்தாலோ, விட்டுவிட்டுக் கேட்டாலோ, எல்லோரும் முதலில் செட்டைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் வெயிலிலும் மழையிலும் கிடப்பது ஆன்டெனாவும் கேபிளும்தான். செட்டிங்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அங்கிருந்து வாருங்கள்.

படி 1: செட்டிங்

சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிடுங்கள். 'ஷ்ஷ்' என்று இரைந்தால் ஸ்பீக்கர் வேலை செய்கிறது. பிறகு மெல்லத் திருப்பி, இரைச்சல் அடங்கும் இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் திருப்பினால் மெல்லிய சிக்னலும் அடைபடும். குறிப்பிட்ட டோனோடு வரும் குரலை மட்டும் உள்ளே விடும் செட்டிங்தான் ரிசீவ் டோன். அது பொருந்தாவிட்டாலும் செட் ஊமையாகிவிடும். அதை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

படி 2: கேபிள்

செட்டை அணைத்து, கேபிளை இரு முனையிலும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். நடு ஊசிக்கு நடு ஊசி, வெளி வளையத்துக்கு வெளி வளையம்: இரண்டும் ஏறக்குறைய 0 காட்ட வேண்டும். நடுவுக்கும் வளையத்துக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. ஆன்டெனாவை மாட்டியபடி அளந்து 'ஷார்ட்' என்று பதறாதீர்கள். சில ஆன்டெனாக்களின் அமைப்பே அப்படி.

மீட்டரை மாட்டியபடியே கேபிளை அசையுங்கள். கதவிடுக்கில் நசுங்கும் இடமும் கனெக்டரின் சால்டரும் முக்கியம். எண் எங்கே துள்ளுகிறதோ பழுது அங்கேதான். உள்ளே பின்னல் கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒட்டுப்போடாமல் கேபிளையே மாற்றுங்கள்.

படி 3: ஆன்டெனாவும் பாடியும்

துளையிட்டோ கிளாம்ப் போட்டோ பொருத்திய மவுன்ட் என்றால், அதன் வளையத்துக்கும் பாடிக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். காந்த மவுன்ட்டுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதற்கு அகலமான இரும்புக் கூரை போதும்.

கால் அலை ஆன்டெனாவின் (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) நீளம், 75-ஐ நீங்கள் பேசும் அலைவரிசையின் மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வரும். 150 மெகாஹெர்ட்ஸுக்கு 50 செ.மீ.; நடைமுறையில் சற்றுக் குறைவு. ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.5-க்குள் வந்தால் நல்லது. 3-ஐத் தாண்டினால் பேசாதீர்கள். ஆன்டெனா இல்லாமல் பேசும் பட்டனை அழுத்தவே கூடாது.

படி 4: இன்ஜின் ஓடினால் மட்டும் இரைச்சல்

ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் ஊளை, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருடையது. ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும் ஊளை நீடித்தால், அது மின்கம்பி வழியாக வருகிறது. செட்டின் பவர் கம்பியை நேரே பேட்டரியிலிருந்து இழுத்து, பேட்டரி அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரன்ட்டை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், நெகட்டிவ் கம்பியைச் சென்சாரைத் தாண்டிப் பாடியில் இணையுங்கள்.

எஃப்.எம். செட்டில் ஏமாற்றும் பழுது ஒன்று உண்டு. யு.எஸ்.பி. சார்ஜர், டாஷ்கேம், எல்.இ.டி. விளக்கு போன்றவற்றின் இரைச்சல் காதில் விழாமலேயே தூரத்துக் குரலை விழுங்கிவிடும். மெல்லிய சிக்னல் ஒன்றைக் கேட்டபடி ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் குரல் தெளிகிறதோ, அதன் வயரில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள், அல்லது அதையே மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கேட்கவில்லையென்றால், நன்றாக வேலை செய்யும் வேறொரு வண்டியின் ஆன்டெனாவில் உங்கள் செட்டை மாட்டிப் பாருங்கள். அங்கும் கேட்காவிட்டால் மட்டும் செட்டைப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.