எண்ண வராவிட்டாலும் டஜன் தப்பாது

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி பேக்கிங் வேலைக்கு அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள, வேலைக்குப் போகும் வயது வந்த உங்கள் பிள்ளையைப் பழக்குகிறீர்கள் என்றால், மேஜையில் மாஸ்கிங் டேப் ஒட்டி 12 கட்டம் போட்டுக் கொடுங்கள். கட்டத்துக்கு ஒரு பீஸ். எல்லாம் நிறைந்ததும் அள்ளி பாலிபேக்கில் போட்டால் சரியாக ஒரு டஜன்.

இப்படிப்பட்ட பலருக்கு மடிப்பது கஷ்டமில்லை, எண்ணிக்கையை மனதில் வைத்திருப்பதுதான் கஷ்டம். பக்கத்தில் ஒருவர் கூப்பிட்டால் போதும், விட்டுப்போகும். காலிக் கட்டமோ கண்ணுக்குத் தெரிகிறது, தவறைத் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். சூப்பர்வைசர் பின்னாலேயே நிற்க வேண்டாம். வேலையில் நிலைக்க அது ரொம்ப முக்கியம்.

குழந்தைகள் ஜட்டி மாதிரி சின்ன பீஸுக்குத்தான் இது சரிவரும். சைஸ் கலந்து போடும் பேக்கிங்குக்கு இது மட்டும் போதாது. அப்புறம், நன்றாக எண்ண வருகிறவர்களிடம் இதைத் திணிக்காதீர்கள்.