ரோபோ எதிராளியை வில்லனாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் செய்யப் பழகும் குழுக்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஹீரோவின் ஸ்பிரைட்டை (திரையில் அசையும் உருவப் படத்தை) எடுத்து, உலோக நிறம் பூசி, கண்ணில் சிவப்பு விளக்கு வைத்து, "இவன்தான் வில்லன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். யோசனை தப்பில்லை. சேகா நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 'சோனிக் சிடி' கேமில், ஹீரோவான நீல முள்ளெலி சோனிக்கின் இயந்திர நகலாக வந்த மெட்டல் சோனிக்குக்கு இன்றும் மவுசு குறையவில்லை. ஆடுபவர் மணிக்கணக்கில் பழகிக் கையில் ஏற்றிக்கொண்ட ஓட்டமும் தாவலும் திடீரென இன்னொரு உடம்பில் எதிரே வந்து நிற்கிறது. அந்த உடம்புக்கு மூச்சு வாங்காது, கை நடுங்காது. நெருப்பு கக்கும் டிராகனிடம் தோற்றால் யாருக்கும் வெட்கமில்லை. தன் சொந்த வித்தையில் ஒரு ஈயடிச்சான் காப்பியிடம் தோற்றால்தான் சுருக்கென்று தைக்கும்.

ஹிட்பாக்ஸ் (அடி படும் எல்லை) பெரிதாக இருப்பது, சத்தம் தாமதமாக வருவது போன்றவற்றுக்கு எந்தப் பயிற்சி வீடியோவிலும் பதில் கிடைக்கும். அவற்றை இங்கே தொடவில்லை.

ஹெல்த் பார் (உயிர் அளவுக் கோடு) கொடுத்து பாஸ் (அடித்துச் சாய்க்க வேண்டிய பெரிய எதிரி) ஆக்குவது

அடித்துச் சாய்ப்பது, போட்டியில் முந்துவது என்று சேகாவே இரண்டு வழியையும் செய்து பார்த்திருக்கிறது. 1992-ல் வந்த 'சோனிக் 2'-வின் டெத் எக் பகுதியில் ஒரு ரோபோ சோனிக் வரும். அடியிலிருந்து காப்பாற்றும் ரிங் ஒன்றுகூட இல்லாமல் அதை 8 முறை அடிக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் அங்கே வேறு எந்த இயந்திரத்தை நிறுத்தியிருந்தாலும் சண்டை பெரிதாக மாறியிருக்காது. அடுத்த வருடம் 'சோனிக் சிடி'யின் ஸ்டார்டஸ்ட் ஸ்பீட்வே சுற்றில் மெட்டல் சோனிக் வந்தபோது அதை அடித்துச் சாய்க்க வழியே வைக்கவில்லை. ஓட்டப் பந்தயத்தில் முந்த வேண்டும், அவ்வளவுதான். ஹீரோவின் அடையாளம் வேகம் என்பதால் போட்டியும் வேகத்தில். உங்கள் ஹீரோவின் தனி வித்தை சுவர் ஏறுவது என்றால் ரோபோவும் சுவர் ஏறட்டும். போட்டி அந்தச் சுவரில் நடக்கட்டும்.

ரப்பர் பேண்ட் கட்டுவது

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைப்பது இதுதான். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ரோபோ முன்னால் போய்விட்டால் வேகத்தைக் குறை, பின்னால் விழுந்தால் கூட்டு: நாலு வரி கோட், பத்து நிமிட வேலை. பந்தயம் எப்போதும் நெருக்கமாகத் தெரியும். செய்தவருக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாவது முயற்சியில் குட்டு உடையும். சோதனைக்கு உட்கார்ந்தவர்களில் ஒருவராவது சும்மா நின்று பார்ப்பார். ரோபோவும் அடுத்த வளைவில் தயங்கி நிற்கும். 90 விநாடிப் பந்தயத்தில் முதல் 80 விநாடி எப்படி ஓடினாலும் ஒன்றுதான், கடைசிப் பத்து விநாடிதான் கணக்கு என்பது அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிடும். கார் பந்தய கேமில் இதை ஓரளவு மன்னிக்கலாம், அங்கே எதிரிக்கு முகமில்லை. ரோபோ எதிராளியின் மிரட்டலே அது யாருக்காகவும் மாறாது என்பதில் இருக்கிறது. ஆடுபவரைப் பார்த்துப் பார்த்து நடையை மாற்றும் இயந்திரம் வில்லன் இல்லை, வீட்டு நாய்க்குட்டி.

விலை எங்கே ஏறுகிறது என்றால், இதைப் பின்னால் பிடுங்க முடியாது. ரோபோ எப்படியும் கூடவே வரும் என்ற நம்பிக்கையில் லெவல் முழுவதையும் வரைந்திருப்பார்கள். குறுக்குவழிகளின் நீளத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். ரப்பரை அறுத்ததும் ரோபோ ஒன்று கண்ணுக்கே தெரியாமல் பறக்கும், இல்லை பின்னால் எங்கோ கிடக்கும். லெவலை மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியதுதான்.

மாற்று வழி பழையது, மலிவானது: மனிதர் ஓடிய ஓட்டத்தைப் பதிவு செய்து ரோபோவை அதில் ஓட விடுங்கள்.

பட்டன் அழுத்தங்களைப் பதிவு செய்யாதீர்கள். ஃபிரேம் (திரையில் மாறும் ஒவ்வொரு படம்) நேரம் கொஞ்சம் ஏறி இறங்கினால்கூடத் தாவல் நூலிழை தள்ளி முடியும். அந்த நூலிழை அடுத்த தாவலில் வளரும், அரை நிமிடத்தில் ரோபோ சுவரில் முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். இடத்தையே பதிவு செய்யுங்கள். விநாடிக்கு 20 முறை போதும். 90 விநாடிக்கு 1,800 பதிவு. கிடைமட்ட இடம், செங்குத்து இடம் இரண்டுக்கும் தலா 4 பைட், அனிமேஷன் எண்ணுக்கு 1, பார்க்கும் திசைக்கு 1, ஆக 10 பைட். மொத்தம் 18,000 பைட். ஒரு சின்ன படக் கோப்பு அளவுகூட வராது. இடைப்பட்ட ஃபிரேம்களை நேர்கோட்டில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் ஸ்பிரிங்கை மிதிக்கும் ஃபிரேம், தரையில் இறங்கும் ஃபிரேம் இரண்டையும் கட்டாயம் தனியாகப் பதிய வேண்டும். விட்டால் நேர்கோடு அந்த முனையை வெட்டிவிடும். ரோபோ ஸ்பிரிங்கைத் தொடாமலேயே மேலே எகிறும்.

யாருடைய ஓட்டம்? லெவலை வரைந்தவருடையது வேண்டாம், அவருக்கு ஒவ்வொரு கல்லும் மனப்பாடம். பத்துப் பேரை ஆட விட்டு, ஒவ்வொருவரும் ஐந்தாவது முயற்சியில் எடுத்த நேரத்தைக் குறித்து, நடுவில் வரும் நேரத்தை இலக்காக வையுங்கள். பதிவை வேகமாக ஓட்டிச் சரிக்கட்டும் ஆசை வரும். 5 சதவீதத்தைத் தாண்டினால் ரோபோ விழும் வேகம் கண்ணுக்கு உறுத்தும். மறுபடி ஓடிப் பதிவு செய்வதே மேல்.

திரையை விட்டு ரோபோ காணாமல் போகும் பிரச்சினையை வேகத்தால் தீர்க்காமல் பாதையால் தீர்க்கலாம். இரண்டு பாதைகள் பிரிந்தால் 12 முதல் 15 விநாடிக்குள் மீண்டும் சேரட்டும். சேரும் இடத்துக்கு முன்னால் ரோபோ நின்று மின்சாரம் ஏற்றிக்கொண்டு பாயும் ஒரு தாக்குதலைப் பதிவிலேயே வைத்துவிட்டால், பின்தங்கியவருக்கு ஓரிரு விநாடி கிடைக்கும். அந்த நிறுத்தம் எல்லோருக்கும், எல்லா முறையும், அதே இடத்தில். 'சோனிக் சிடி' பந்தயத்தில் பின்னாலிருந்து கதையின் முக்கிய வில்லன் டாக்டர் எக்மேனின் லேசர் துரத்தும். தொட்டால் உயிர் போகும். ரோபோவைத் தொடாமலே, ரொம்பப் பின்தங்குபவரின் கணக்கை அது முடித்துவிடுகிறது. இழுத்துப் பிடிக்கும் வேலையைக் கோட்டுக்குள் ஒளிக்காமல் ஆடுபவரின் கண்ணெதிரே வைப்பது என்றால் இதுதான்.

பட்டனை உளவு பார்க்கும் ரோபோ

நேருக்கு நேர் சண்டை தவிர்க்க முடியாது என்றால் இதைக் கவனியுங்கள். குத்து பட்டன் அழுத்திய அதே ஃபிரேமில் ரோபோ தடுத்தால் அது புத்திசாலி இல்லை, திருடன். கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிவிநாடி ஆகும். விநாடிக்கு 60 ஃபிரேம் கணக்கில் 12 முதல் 15 ஃபிரேம். ஆடுபவர் என்ன செய்தார் என்பதை அத்தனை ஃபிரேம் வரிசையில் நிறுத்தி, பழையதைத்தான் ரோபோ பார்க்க வேண்டும். இயந்திரம் என்பதால் 10 வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் ஆடுபவர் ரோபோவைத் திட்ட மாட்டார், உங்களைத் திட்டுவார்.

ரோபோவுக்கு வசனம் எழுதுவது

வேண்டாம்.

கடைசி லெவலில் முதன்முதலாகக் காட்டுவது

பகை என்பது பழகப் பழக முற்றுவது. மெட்டல் சோனிக் இரண்டாவது சுற்றிலேயே வந்து சோனிக்கின் தோழி ஏமி ரோஸைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பந்தயம் ஆறாவது சுற்றில். நடுவில், கேமின் காலப் பயண வசதியால் கடந்த காலத்துக்குப் போனால், குட்டி விலங்குகளை மிரட்டும் அதன் ஒளி உருவம் தென்படும். அந்த உருவத்தைக் காட்டும் கருவியை உடைக்கலாம், மெட்டல் சோனிக்கைத் தொட முடியாது. 1990-ல் வந்த 'மெகா மேன் 3' கேமில் ஹீரோவின் எதிராளி ரோபோ புரோட்டோ மேன் வருவதற்கு முன் ஒரு சீட்டி கேட்கும். இரண்டாவது முறை கேட்கும்போதே கை கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு ஒலி, சில சந்திப்புகள். அதிகச் செலவில்லை.

நிறத்தை மட்டும் மாற்றுவது

மெட்டல் சோனிக்கும் நீலம்தான். வித்தியாசம் உருவத்தில்: கூர்மூக்கு, நெஞ்சில் என்ஜின் ஓட்டை, கறுப்புக்குள் சிவந்த கண். இரண்டு ஸ்பிரைட்டையும் முழுக் கறுப்பாக நிரப்பி 32 பிக்சல் உயரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது ஹீரோ என்று ஒரு விநாடியில் தெரியாவிட்டால் மறுபடி வரையுங்கள்.

தோற்றவரைக் காக்க வைப்பது

3 விநாடிக்குள் மறுபடி தொடக்கக் கோடு. அறிமுகக் காட்சி இரண்டாம் முறை கிடையாது.

ஜெயித்ததும் காட்சியை வெட்டுவது

எல்லைக் கோட்டைத் தொட்ட நொடியில் திரையை வெள்ளையாக்கி அடுத்த லெவலுக்குப் போய்விடுகிறார்கள். 'சோனிக் சிடி'யில் பந்தயம் முடியும் இடத்தில் ஒரு கதவு. சோனிக் முதலில் நுழைந்தால் கதவு மூடிக்கொள்ளும், பின்னால் வரும் மெட்டல் சோனிக் அதில் மோதிச் சிதறும். அது முந்தினால் அதே கதவு சோனிக்கை வெளியே நிறுத்தும், லேசர் வந்து முடித்துவிடும். கேமராவை அந்தக் கதவில் இரண்டு விநாடி வைத்திருங்கள். இசையையும் நிறுத்திவிடுங்கள், மோதும் சத்தம் தனியாகக் கேட்கட்டும்.