பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பரில் ஏசி: பணம் போட்ட பிறகு தெரியவரும் தவறுகள்

ஃபோக்ஸ்வேகனின் 'பே விண்டோ' வேன் 1967 ஆகஸ்டிலிருந்து 1979 வரை ஜெர்மனியில் தயாரானது. அதில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கை, அலமாரி, தூக்கிவிடும் கூரை எல்லாம் பொருத்திக் கொடுத்த கேம்பர்கள் இன்றும் அமெரிக்கச் சாலைகளில் ஓடுகின்றன. அரிசோனா கோடையில் வெயில் 43 டிகிரியைத் தாண்டும்போது, அதை ஓட்டுகிறவருக்கு ஏசி வேண்டும் என்ற ஆசை வருவது நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், முதல் வேலையாக ஏசி கிட்டை வாங்கிவிடுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

இந்த வேன் ஒரு தகரப் பெட்டி. ஒற்றைத் தகடு, சுற்றிலும் கண்ணாடி, கூரையைத் தூக்கினால் வெறும் கேன்வாஸ் துணி. இதற்குள் எவ்வளவு குளிர் விட்டாலும் நிற்காது. கதவு ரப்பர்களை மாற்றி, தகட்டின் உள்பக்கம் நீர் உறிஞ்சாத ஃபோம் ஒட்டி, கண்ணாடிக்கு வெப்பம் தடுக்கும் ஃபிலிம் போட்ட பிறகு கணக்குப் போட்டால், வேண்டிய ஏசியின் அளவே குறையும். சாதாரண ஸ்பாஞ்ச் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. இந்த வேனின் ஹீட்டர், சைலன்சர் குழாய்களைச் சுற்றி வரும் சூடான காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது. அதை அடைக்கும் மூடிகள் துருப்பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்டால், கோடையிலும் கால் பக்கம் சூடான காற்று அடித்துக்கொண்டே இருக்கும். ஏசிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, இந்த மூடியை அப்படியே விட்டால் என்ன பயன்?

சரி, இனி எஞ்சின். என்னைக் கேட்டால், பெரிய தவறு நடப்பது இங்கேதான். ஆரம்ப கால பே விண்டோவின் 1600 சிசி எஞ்சின் தருவது சுமார் 50 குதிரைத்திறன். அதில் மூன்று முதல் ஐந்து வரை, ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரெசருக்கே போய்விடும். ஏற்றத்தில் இது நன்றாகத் தெரியும். ஆனால் வேகம் குறைவதை விட, சூடு ஏறுவதுதான் ஆபத்து. இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது; காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர்விக்கின்றன. பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் காற்றுப் பாதைக்குள்ளேயே நிற்பதால், அதன் பின்னால் இருக்கும் மூன்றாம் சிலிண்டர் எப்போதுமே மற்றவற்றை விடச் சூடு. 1971 மாடலில்தான் கூலரைத் தனி உறைக்குள் தள்ளி வைத்தார்கள்.

அதனால் கம்ப்ரெசரைத் தொடுவதற்கு முன் டைமிங், வால்வு இடைவெளி, கார்புரேட்டர் மூன்றையும் சரிபாருங்கள். எஞ்சினைச் சுற்றியிருக்கும் தகடுகளும் ரப்பர் சீலும் முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முன்பு வேலை பார்த்த மெக்கானிக் இவற்றில் ஒன்றிரண்டைக் கழற்றி எறிந்திருப்பது சகஜம். அந்த இடைவெளி வழியாகக் கீழேயிருந்து சூடான காற்று மேலே வரும். ஃபேன் அதையே இழுத்து எஞ்சின் மேல் அடிக்கும். சிலிண்டர் ஹெட்டின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது கம்ப்ரெசரைத் துண்டிக்கும் சுவிட்சும் போட்டுவிடுங்கள்.

முன்னால் ரேடியேட்டர் இல்லாத, எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டியில், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரை எங்கே வைப்பது? எஞ்சின் அறையிலோ, பின்பக்கத் தூண்களில் எஞ்சின் காற்றிழுக்கும் திறப்புகளுக்குப் பக்கத்திலோ மட்டும் வைத்துவிடாதீர்கள். கண்டென்சர் கக்கும் சூட்டை எஞ்சின் குடிக்கும். வண்டியின் அடியில், சொந்த ஃபேனோடு, கல்லடி படாதபடி வலை போட்டு வைப்பதே நடைமுறையில் ஒத்துவரும்.

அடுத்தது கரன்ட். பழைய டைனமோ தருவது 30 அல்லது 38 ஆம்பியர், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது. சிக்னலில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. உள் ப்ளோயர், கண்டென்சர் ஃபேன், கம்ப்ரெசர் கிளட்ச் மூன்றும் சேர்ந்தால் 25 ஆம்பியர் சாதாரணமாகப் போகும். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் பேட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே டைனமோவை எடுத்துவிட்டு, அதிகக் கரன்ட் தரும் ஆல்டர்னேட்டரை முதலில் போடுங்கள். பேட்டரி பின்னால் இருக்கிறது, டேஷ்போர்டு முன்னால். போகவும் வரவும் 8 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 25 ஆம்பியர் ஓட்டினால் சுமார் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், வயரும் சூடாகும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். வேனில் இருக்கும் பழைய டார்பிடோ ஃப்யூஸ்கள் (இரு முனையும் கூரானவை) 8, 16 ஆம்பியருக்கானவை. அந்த ஃப்யூஸ் பெட்டியில் ஏசியைக் கோக்காமல், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃப்யூஸ், தனி ரிலே வையுங்கள்.

அந்தக் காலத்திலேயே ஏசி போட்ட வேன் கிடைத்தால், அதில் இருந்தது ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் கேஸ். அதன் இடத்தில் ஆர்-134ஏ ஏற்றினால் மட்டும் போதாது. பழைய மினரல் ஆயில் புதிய கேஸோடு கலந்து ஓடாது. ஓஸ்களையும், ஈரம் உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றி, முக்கால் மணி நேரமாவது வேக்கம் இழுத்து ஈரத்தை வெளியேற்றிய பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் அமிலமாகி கம்ப்ரெசரைத் தின்றுவிடும்.

நிறுத்தி வைத்துத் தூங்கும்போது ஏசி வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. வீட்டுக் கரன்டில் ஓடும் கூரை ஏசி பல மாடல்களில் 40 கிலோ வரும். தூக்கும் கூரையின் ஃபைபர் தகடும் கீல்களும் அந்த எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. பேட்டரியில் ஓட்டலாமே என்றால், சராசரியாக 600 வாட் இழுக்கும் ஏசிக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். இரவு முழுக்கத் தாங்காது. கேம்பிங் மைதானத்தில் கரன்ட் இணைப்பு எடுப்பதுதான் நல்ல வழி.

பெட்ரோல் ஜெனரேட்டரை வண்டிக்குள்ளோ, அடியிலோ, ஒட்டியோ ஓட்டிக்கொண்டு தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏசி ஓஸுக்காகத் தரையில் போட்ட ஓட்டை ஒவ்வொன்றையும் கிராமெட் (ரப்பர் வளையம்) வைத்து, சீலன்ட் பூசி அடையுங்கள். படுத்தால் தலை வரும் உயரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மாட்டி, முதல் இரவு தங்குவதற்கு முன்பே பட்டனை அழுத்திச் சோதித்துவிடுங்கள்.