கடலோர ஹாம் நிலையத்துக்கு எந்த பிரிண்டர்?

கடலூர், புதுச்சேரி பக்கம் புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கியவர்களுக்காக இது. லாக் (யாரோடு எப்போது பேசினோம் என்ற பதிவேடு), க்யூஎஸ்எல் கார்டு (பேசியதை உறுதிசெய்து அஞ்சலில் அனுப்பும் அட்டை), புயல் நேரத்துச் செய்திப் படிவம், இவ்வளவுதான் நமக்கு அச்சு வேலை. அதுவும் எப்போதாவதுதான்.

படி 1: கருப்பு வெள்ளை லேசர் வாங்குங்கள். நாள்கணக்கில் சும்மா கிடந்தால் இன்க்ஜெட்டின் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். லேசரின் டோனர் சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிவிடும்; ஈரக்கை பட்டாலும் எழுத்து கரையாது. க்யூஎஸ்எல் கார்டின் வழக்கமான அளவு 14 × 9 செ.மீ. மெல்லிய தாள் அஞ்சலில் கசங்கிவிடும். அதனால் 160 ஜிஎஸ்எம் தாளை எடுக்குமா, பின்கதவைத் திறந்தால் தாள் வளையாமல் நேராக வெளியே வருமா என்று கடையிலேயே கேளுங்கள். கார்டில் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) போடுங்கள், நம் நேரத்தில் ஐந்தரை மணி குறைத்து. கிரிட் (நிலையம் இருக்கும் இடத்தின் குறியீடு) எம்கே91, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றேதான்.

படி 2: பிரிண்டர் ரேடியோவில் இரைச்சல் கிளப்புகிறதா என்று சோதிப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரேடியோவை 7 மெகாஹெர்ட்ஸில், யாரும் பேசாத இடத்தில் வைத்து சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரைப் பாருங்கள். முதலில் பிரிண்டரின் பிளக்கைச் செருகுங்கள், பிறகு ஆன் செய்யுங்கள், கடைசியாக யுஎஸ்பி கேபிளை மாட்டுங்கள். எந்த இடத்தில் முள் ஏறி 'கர்ர்' என்று இரைகிறதோ, அந்த ஒயரை இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்துக்குள் பல சுற்று சுற்றுங்கள். '31' என்ற வகை ஃபெரைட் எச்எஃப்-க்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) பொருந்தும். நீங்கள் ரேடியோவில் பேசும்போது பிரிண்டர் தொடர்பு அறுந்தால், யுஎஸ்பி கேபிளுக்கும் இதே வைத்தியம்தான். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். ஸ்டாண்ட்பையிலும் உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் (பிரிண்டருக்கு மின்சாரம் தரும் பகுதி) இரையும்.

படி 3: சூடேறும்போது லேசர் பல நூறு வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே வெற்றுப் படிவங்களை அச்சடித்து, பேனாவோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

படி 4: பராமரிப்பு. பிரித்த தாள்கட்டைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புக்காற்றில் நமத்த தாள் சுருண்டு உள்ளே சிக்கும். எழுத்து மங்கினால் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கிடைமட்டமாக மெல்ல அசைத்து மாட்டுங்கள். டோனர் சிந்தினால் உலர்ந்த துணியால் துடைத்து, கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.